கைதவறி வந்த நாணயம்

மனிதன் பொருளை அடையும் வழிகள் பல. உழைத்துப் பெறுகிறான், விலை கொடுத்து வாங்குகிறான், முன்னோர் வைத்துச் சென்றதை ஏற்கிறான், அன்பளிப்பாகவும் பெறுகிறான். வஞ்சித்தும் திருடியும் பொருள் சேர்ப்போரும் உளர். அவர்களைப் பற்றி அறநூல்களுக்கும் ஐயமில்லை, சட்டநூல்களுக்கும் ஐயமில்லை. இவற்றுள் எதிலும் அடங்காத வழி ஒன்று உண்டு. பிறன் பொருள் அவன் கைதவறி நம்மிடம் வந்து சேர்வதே அது. நாம் கேட்டதில்லை, கை நீட்டியதில்லை, காலையில் எழுந்து கணக்கைப் பார்த்தால் அங்கே இருக்கிறது. அது யாருக்குரியது? கொடுத்தவனின் கவனக்குறைவு, பெற்றவனின் கடமையைக் குறைக்குமா? யாரும் கேட்க முடியாத இடத்தில் அக்கடமைக்கு உயிர் இருக்குமா?

வள்ளுவர் வெஃகாமையை இல்லறவியலில் வைத்தார். கள்ளாமையைத் துறவறவியலில் வைத்தார். பிறர் பொருளை விரும்புதல் ஒன்று, கவர்தல் மற்றொன்று என அவ்விரண்டையும் தனித்தனி அதிகாரங்களாகவே வகுத்தார். கைதவறி வந்த பொருளைப் பெற்றவனோ, பெறும் பொழுதில் அதனை விரும்பியவனும் இல்லை, கவர்ந்தவனும் இல்லை. குற்றமற்றவனாகவே அவன் அதைப் பெறுகிறான். பிறகு எந்தக் கணத்தில் அவன் குற்றம் தொடங்குகிறது? பழமையான இவ்வினா, நம் காலத்தில் கிரிப்டோ நாணயம் என்னும் புதுக்கோலம் பூண்டு, நம்முடைய வீட்டு வாசலிலேயே வந்து நிற்கின்றது.

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். ஒருவரை 'நாணயமானவர்' என்று நாம் சொல்லும்போது அவரிடம் காசு இருக்கிறதா என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. புதிய ஊருக்குப் பிழைக்க வந்த குடும்பங்களுக்கு இந்த இரண்டாம் நாணயமே முதல் மூலதனமாக இருந்தது.

கரமனையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதனை நன்கு அறியும். ஆற்றங்கரையில் சத்தியவாகீசுவரர் கோயிலை அடுத்த தெருக்களிலும், சாலைக் கடைத்தெருவின் பின்புறங்களிலும், நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் வந்தோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். சிலர் அரசுப் பணிக்கு வந்தனர். சிலர் வாணிகத்துக்கு வந்தனர். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது, ஒரே திருவிதாங்கூரின் குடிகளாக இருந்தோர் எல்லைக்கு இருபுறமும் ஆயினர். இருந்த இடத்தை விட்டு அசையாமலே புலம்பெயர்ந்தவர்கள் ஆயினர் சிலர். அத்தகைய குடும்பம் ஒன்றுக்குக் கடைக்காரர் கடன் கொடுத்ததும், வீட்டுக்காரர் குடியிருக்க இடம் கொடுத்ததும், மொழி கடந்த நாணயத்தை நம்பியே என்பது சொல்லாமலே விளங்கும்.

திருவிதாங்கூர்க் காலத்தில் 16 காசு 1 சக்கரம். 4 சக்கரம் 1 பணம். 7 பணம் 1 ரூபாய். ஆக, ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம். வெள்ளிச் சக்கரமோ விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறியது. கையால் எண்ணினால் நழுவும். ஆதலால் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் வெட்டிய சக்கரப் பலகை என்னும் மரப்பலகையைப் பயன்படுத்தினர். காசுகளைக் கொட்டிப் பலகையை அசைத்தால் குழிக்கு ஒன்றாக அமரும்; மிகுந்தவற்றை வழித்துவிட்டால் எண்ணிக்கை கண்முன் நிற்கும். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே பலகையை ஒருங்கே நோக்கினர். பிழை நேர்ந்தால் அங்கேயே தெரிந்தது; அங்கேயே திருந்தியது.

பின்னாளில் அச்சடித்த விலைப்பட்டியல்கள் வந்தன. அவற்றின் அடியில் 'ஈ. அண்டு ஓ.ஈ.' என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். 'பிழையும் விடுபாடும் நீங்கலாக' என்பது அதன் பொருள். கூட்டலில் தவறியிருந்தால் பின்னர்த் திருத்திக்கொள்ளும் உரிமை உண்டு என்று வணிகர்கள் ஒருவருக்கொருவர் முன்கூட்டியே சொல்லிக்கொண்ட ஒப்பந்தம் அது. மனிதன் தவறுவான் என்பதை அவ்வாணிகம் மறைக்கவில்லை. தவறு திருந்துவதற்குரிய வாயிலைத் திறந்து வைத்தே அது கணக்கெழுதியது.

அவ்வாயிலை வேண்டுமென்றே அடைத்துக் கட்டப்பட்டதுதான் கிரிப்டோ நாணயம். இது வசையன்று, அதனை உருவாக்கியவரின் நோக்கமே அதுதான். 2008 அக்டோபர் 31 அன்று சதோசி நாகமோட்டோ என்னும் பெயரில், இன்றுவரை யாரென்று உறுதியாக அறியப்படாத ஒருவர், பிட்காயினைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 2009 சனவரி 3 அன்று அதன் முதற்பதிவு உருவாயிற்று. அக்கட்டுரையின் தொடக்க வாதத்தை எளிமையாகச் சொன்னால் இது: இணைய வாணிகத்தில் வங்கி முதலிய இடைநிலையாளரை நம்ப வேண்டியிருக்கிறது, வழக்கு வந்தால் அவர் கொடுத்த பணத்தைத் திருப்புகிறார், திருப்ப முடியும் என்பதாலேயே ஒவ்வொருவரும் மற்றவரைச் சந்தேகிக்க நேர்கிறது, ஆகவே திருப்ப முடியாத கொடுக்கல் வாங்கல் வேண்டும். நம்பிக்கையின் இடத்தில் கணக்கியற் சான்றை வைப்பதே அவர் கண்ட வழி.

அதன் அமைப்பும் அதற்கேற்றதே. கொடுக்கல் வாங்கல் அனைத்தும் ஒரு பேரேட்டில் பதிவாகின்றன. அப்பேரேடு ஒருவர் பெட்டியில் இல்லை. உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் ஒரே படியாக இருக்கின்றது. ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு மறைச்சாவி உண்டு. அச்சாவியைப் பெரும்பாலும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களின் வரிசையாக எழுதி வைத்துக்கொள்வர். சாவி உடையவன் எவனோ அவனே உடைமையாளன். அவன் பெயர் என்ன, ஊர் எது, அவன் நல்லவனா என்று பேரேடு கேட்பதில்லை.

வங்கியில் தவறான கணக்குக்குப் பணம் அனுப்பினாலும் அதனை மீட்பது எளிதன்று. பெற்றவர் இசைய வேண்டும். இல்லையேல் நீதிமன்றத்தை நாட வேண்டும். ஆயினும் பெற்றவர் யார் என்பது வங்கிக்குத் தெரியும். முறையிட ஒரு கதவு உண்டு. கதவுக்குப் பின்னால் ஒரு முகம் உண்டு. கிரிப்டோ நாணயம் அறியாத ஒருவன் முகவரிக்குச் சென்றுவிட்டால் தட்டுவதற்குக் கதவே இல்லை.

தவறுகள் எவ்வாறு நேர்கின்றன என்பதையும் நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நன்று. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் பணிபுரியும் நம் பிள்ளைகளுள் சிலர் இவ்வழியில் சேமிக்கின்றனர், அனுப்பவும் செய்கின்றனர். பிட்காயின் முகவரியில் ஓரெழுத்து மாறினால் அதனுள் அமைந்த சரிபார்ப்பு எண் பெரும்பாலும் கண்டு தடுத்துவிடும். தடுக்க முடியாத தவறுகள் வேறு. முழு முகவரியையே தவறாகப் படியெடுத்து ஒட்டுவது ஒன்று. ஒரே நாணயம் பல வலையமைப்புகளில் உலவும்போது, பெறும் இணைய நிலையம் ஏற்காத வலையமைப்பின் வழியே அனுப்பிவிடுவது மற்றொன்று. எக்ஸ்ஆர்பி போன்ற நாணயங்களில், இணையப் பரிமாற்ற நிலையம் தன் வாடிக்கையாளர் அனைவருக்கும் ஒரே முகவரியை வைத்து, ஆளுக்கு ஓர் அடையாள எண் கொடுத்திருக்கும்; அவ்வெண்ணை எழுத மறந்தால் பொருள் நிலையத்தில் சேரும், ஆனால் எவர் பெயரிலும் சேராது. தொகைக்குரிய இடத்தில் வேறோர் எண்ணையும், கட்டணத்துக்குரிய இடத்தில் பெருந்தொகையையும் இட்டுவிடுதல் இன்னொரு வகை.

இவற்றுள் சில மீளும். நிலையத்தின் முகவரிக்கே சென்று அடையாளமின்றிக் கிடப்பதை, அனுப்பியதற்கான பதிவெண்ணையும் சான்றையும் காட்டி மீட்கலாம். தவறான வலையமைப்பில் சென்றதையும், மறைச்சாவி நிலையத்தின் கையில் இருக்குமாயின், மீட்க இயலும். ஆனால் இயலும் என்பது வேறு, இசையும் என்பது வேறு. சில நிலையங்கள் கட்டணம் பெற்று மீட்டுத் தருகின்றன; சில, பொறுப்பில்லை என்று தம் விதிகளைச் சுட்டுகின்றன. உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம். தனதன்று என்று ஐயமறத் தெரிந்த பொருளை, விதி காட்டித் தன் பெட்டியிலேயே கிடக்கவிடுவது நியாயமாகுமா என்பதே நம் வினா.

இவ்வினாவுக்கு உலகம் அண்மைக் காலத்தில் அளித்த விடைகளைப் பார்ப்போம். 2021 செப்டம்பரில் டெவர்சிஃபை என்னும் நிறுவனத்தின் மென்பொருளில் நேர்ந்த பிழையால், ஒரு இலட்சம் டாலர் பெறுமானமுள்ள ஒரு பரிமாற்றத்துக்குச் சுமார் 2 கோடியே 37 இலட்சம் டாலர் பெறுமானமுள்ள ஈதர் நாணயம் கட்டணமாகச் சென்றுவிட்டது. பேரேட்டில் அப்பதிவைச் செய்தவருக்கு அக்கட்டணம் விதிப்படி உரியது. பெற்ற 7,676 ஈதரில் 7,385 ஈதரை அவர் திருப்பித் தந்தார். எந்த நீதிமன்றமும் அவருக்கு ஆணையிடவில்லை.

2023 செப்டம்பரில் பாக்சோஸ் என்னும் நிறுவனம், சுமார் 2,000 டாலர் அனுப்புவதற்கு 19.8 பிட்காயினைக் கட்டணமாகச் செலுத்திவிட்டது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் டாலர். அதைப் பெற்ற எஃப்2பூல் என்னும் கூட்டமைப்பு, உரியவர் யாரென்று உறுதிசெய்தபின் திருப்பித் தந்தது. பெயரோடு தொழில் நடத்தும் அமைப்பு அது. நற்பெயரும் அம்முடிவில் ஒரு பங்கு வகித்திருக்கலாம்.

மூன்றாவது 2024 மே மாதத்தில் நிகழ்ந்தது. ஏமாற்றுவோர் சிலர், ஒருவர் வழக்கமாகப் பயன்படுத்தும் முகவரியைப் போலவே தோன்றும் வேறொரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து அற்பத் தொகையை அவருக்கு அனுப்பி வைப்பர். அவர் பழைய பதிவுகளைப் பார்த்துப் படியெடுக்கும்போது போலி முகவரியை எடுத்துவிடுவார். இவ்வகையில் ஒருவர் ஒரே தவறில் 1,155 பிட்காயினுக்கு நிகரான நாணயங்களை இழந்தார். பேரேட்டின் தடங்களைப் பின்பற்றிப் பலர் துரத்தவே, சில நாள்களில் அப்பொருளின் பெரும்பகுதி மீண்டு வந்தது. வலை விரித்துக் கவர்ந்தவனே திருப்பினான்.

நான்காவது மெல்போர்ன் நகரில் நிகழ்ந்தது. 2021 மே மாதத்தில் கிரிப்டோ.காம் நிறுவனம் வாடிக்கையாளர் ஒருவருக்கு 100 ஆஸ்திரேலிய டாலர் திருப்பித் தர வேண்டியிருந்தது. தொகை எழுத வேண்டிய இடத்தில் கணக்கெண் எழுதப்பட்டமையால் ஒரு கோடியே 4 இலட்சத்துக்கு மேற்பட்ட டாலர் சென்றுவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் தணிக்கை நடக்கும் வரை, ஏழு மாதங்கள், நிறுவனத்துக்கே அது தெரியவில்லை. இடையில் பணம் பிற கணக்குகளுக்கு மாறியது. அதன் ஒரு பகுதியில் 13 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு வீடு ஒன்றும் வாங்கப்பட்டது. 2022இல் விக்டோரியா மாநில உச்சநீதிமன்றம் வீட்டை விற்றுப் பணத்தை வட்டியோடு திருப்பித் தருமாறு ஆணையிட்டது. குற்றவியல் வழக்கும் தொடர்ந்தது.

நான்கிலும் பொருள் மீண்டது. மீண்ட வழிகள் வேறு. முதலாவதில் வற்புறுத்தல் எதுவும் வெளியே தெரியவில்லை. இரண்டாவதில் பெயரைக் காக்கும் கருத்தும் இருந்திருக்கலாம். மூன்றாவதில் அச்சம். நான்காவதில் அரசின் ஆணை. இழந்தவர் நோக்கில் இவை யாவும் ஒன்றே. இழந்தது கைக்கு வந்தால் போதும். அறத்தின் நோக்கில் ஒன்றல்ல. அச்சத்தாலும் ஆணையாலும் திருப்பியவன், அவை இல்லாத இடத்தில் என்ன செய்வான் என்பதை நாம் அறியோம். இழந்தவர் பெருநிறுவனமாக இருந்தால் தடம் பற்றித் துரத்தப் பலர் வருவர். கரமனையிலோ கோட்டாற்றிலோ உள்ள எளியவர் ஒருவர் சில ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள நாணயத்தை இழந்தால் துரத்த எவரும் வரமாட்டார். அவருக்கு எஞ்சியிருப்பது, பெற்றவரின் மனச்சான்று ஒன்றே.

இனிச் சட்டம் கூறுவதைக் காண்போம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், தன் 72ஆம் பிரிவில், தவறுதலாகப் பணம் செலுத்தப்பெற்றவரோ பொருள் ஒப்படைக்கப்பெற்றவரோ அதனைத் திருப்பித் தருதல் வேண்டும் என்கிறது. கொடுத்தவர் விழிப்பாக இருந்தாரா என்று அப்பிரிவு வினவவில்லை. இருவருக்குமிடையே ஒப்பந்தம் ஏதும் இல்லாதிருந்தும், ஒப்பந்தத்தால் விளையும் கடமையைப் போன்றதொரு கடமை இங்கே பிறக்கிறது என்று சட்டம் கொள்கிறது. இதன் வேரை 1760இல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு பிரபு அளித்த தீர்ப்பில் காண்பர்: தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தரும் கடமையை அவர் இயல்பான நீதியின் மேல் நிறுவினார்.

கிரிப்டோ நாணயம் தொட்டுணர முடியாதது. சட்டப்படி செல்லும் பணமும் அன்று. எனவே அதைப் 'பொருள்' எனலாமா என்ற ஐயம் எழுந்தது. 2022 முதல் இந்திய வருமானவரிச் சட்டம் அதன் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி விதித்து வருகிறது. 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு மேலும் தெளிவு தந்தது. 2024 சூலையில் ஒரு பரிமாற்ற நிலையத்தில் நிகழ்ந்த கொள்ளைக்குப் பின், முதலீட்டாளர் ஒருவரின் எக்ஸ்ஆர்பி நாணயங்களும் முடக்கப்பட்டிருந்தன. கொள்ளை போனவையோ வேறு வகை நாணயங்கள். அவ்வழக்கில் நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் சொத்தே என்றும், அதை உடைமையாகக் கொள்ளவும் பிறர் பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் இயலும் என்றும் கூறிற்று. சொத்து என்றால் அதற்கு உரியவர் உண்டு. உரியவர் உண்டு என்றால், சாவி வைத்திருப்பவன் எவனோ அவனே உரியவன் என்னும் வாதம் தளர்ந்துவிடுகிறது.

எதிர்வாதங்களும் வலிமையற்றவை அல்ல. அவற்றையும் எடைபோட வேண்டும். 'திருப்ப முடியாது என்னும் விதியை அறிந்தே அனைவரும் இதில் இறங்குகின்றனர். விதிப்படி வந்தது எனக்குரியது' என்பது முதல் வாதம். இவ்விதியின் உறுதியைச் சோதித்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2016 சூனில் ஈதீரியம் பேரேட்டில் அமைந்த 'தி டாவோ' என்னும் கூட்டு நிதியத்தின் மென்பொருளில் ஓட்டை ஒன்றைக் கண்ட ஒருவர் சுமார் 36 இலட்சம் ஈதரை உருவிவிட்டார். நிரல் இடங்கொடுத்தது, ஆகவே விதிப்படியே எடுத்தார் என்று வாதிட்டவரும் உண்டு. ஆயினும் அடுத்த மாதமே பெரும்பாலோர் ஒன்றுகூடிப் பேரேட்டின் போக்கையே மாற்றி அதனை மீட்டனர். அதற்கு உடன்படாதோர் பழைய பேரேட்டையே 'ஈதீரியம் கிளாசிக்' என்று தொடர்ந்தனர். இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. மாறாத பேரேடு என்பது இயற்கை நியதி போன்றதன்று. மனிதர் கூடி மேற்கொண்ட முடிவு. பேரிழப்பு நேர்ந்தபோது அவர்கள் வேறு முடிவும் செய்தனர். ஆகவே, 'பேரேட்டில் வந்துவிட்டது, நான் என் செய்வேன்' என்று பெற்றவன் சொல்லுதல் பொருந்தாது. பேரேட்டால் திருப்ப இயலாது, அவனால் இயலும். வந்த வழியே புதிதாக ஒரு பதிவு செய்து அனுப்ப அவனுக்குச் சில நிமிடங்கள் போதும்.

'கவனமின்றி நடந்தவர் அதன் விலையைக் கொடுக்கட்டும்' என்பது இரண்டாம் வாதம். கவனக்குறைவுக்கு விலை உண்டு என்பதை மறுக்கவில்லை. அலைச்சல், செலவு, கட்டணம், மனக்கலக்கம் ஆகியவை அவ்விலை. ஆனால் அவ்விலையைப் பெறும் உரிமை பெற்றவனுக்கு எங்கிருந்து வந்தது? பேருந்தில் ஒருவர் பையை மறந்து இறங்கினால், அவர் மறதிக்குத் தண்டம் விதிக்கும் நீதிபதியாக, அடுத்த இருக்கையில் இருந்தவரை யாரும் அமர்த்தவில்லை.

'இழந்தது பெருநிறுவனம், எனக்கோ கடன் இருக்கிறது, பெண்ணுக்குத் திருமணம் இருக்கிறது' என்பது மூன்றாம் வாதம். இதுவே நம் நெஞ்சை மெய்யாகவே அசைப்பது. வறியோனின் தேவை பெரிது என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆயினும், வணிகனின் அறத்தை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தது சிந்திக்கற்பாலது. கொடுத்தவன் சிறியவனா பெரியவனா என்று பார்த்துத் துலாக்கோல் தன் நாவைச் சாய்ப்பதில்லை. பெரியவனிடம் வந்ததை வைத்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை பழகிய மனம், அடுத்தமுறை சிறியவனிடமும் ஒரு காரணம் காணும்.

'தெரியாமல் செலவிட்டுவிட்டேன்' என்பது நான்காம் வாதம். இதற்கு மட்டும் அறமும் சட்டமும் செவி சாய்க்கின்றன. உரிமையில்லை என்பதை அறியாமல் நேர்மையாகச் செலவிட்டு நிலை மாறிவிட்டவரை, முழுத் தொகையையும் உடனே வை என்று நெருக்குவது கொடுமை. 1991இல் இங்கிலாந்தின் உயர்ந்த நீதிமன்றமும், நேர்மையாகச் செலவிட்டவருக்கு இத்தகைய ஒரு காப்பு உண்டென்று ஏற்றது. இதனுள்ளேதான் நம் முதல் வினாவுக்குரிய விடை அடங்கியிருக்கின்றது. பெற்ற கணத்தில் குற்றமில்லை. அறிந்த கணத்தில் கடமை பிறக்கிறது. 100 டாலரை எதிர்நோக்கியவர் ஒரு கோடியைக் காணும்போது, இது எவ்வாறு வந்தது என்று வினவாதிருந்தால், அவ்வினவாமையும் ஒருவகை அறிதலே. மெல்போர்ன் வழக்கில், போட்டியில் விழுந்த பரிசு என்று எண்ணியதாகவும் சொல்லப்பட்டது. அப்படி எண்ணுவதற்கு நெஞ்சம் எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும்!

ஒன்று மட்டும் விதிவிலக்காகத் தோன்றலாம். 2020 ஆகஸ்டில் சிட்டி வங்கி, ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தோர்க்கு வட்டி மட்டும் அனுப்ப வேண்டியிருக்க, தவறுதலாக ஏறத்தாழ 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. அவர்களுள் பலர் சுமார் 50 கோடி டாலரைத் திருப்பவில்லை. 'எங்களுக்கு வரவேண்டிய கடன்தானே வந்தது' என்றனர். 2021இல் கீழ்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில் மேல்நீதிமன்றம் அதை மாற்றியது; கடனைத் திருப்பும் தவணை இன்னும் வரவில்லை, இவ்வளவு பெருந்தொகை திடீரென வந்தபோது அவர்கள் விசாரித்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. தமக்கு உண்மையாகவே வரவேண்டியிருந்தோர்க்கே இக்கடமை உண்டென்றால், யாதொரு தொடர்பும் இல்லாதவர்க்கு உண்டென்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இதுவரை பெற்றவரைப் பற்றிப் பேசினோம். இழந்தவர்க்கும் சொல்ல வேண்டியது உண்டு. நம் குடும்பங்களில் அழுகை கேட்பது அங்கேதான். கிரிப்டோ நாணயத்தைத் தவறவிட்டவரை இரண்டாம் திருடன் காத்துக்கொண்டிருக்கிறான். 'இழந்ததை மீட்டுத் தருகிறோம்' என்று அவன் இனிமையாகப் பேசுவான், அரசு முத்திரை போன்ற ஒன்றைக் காட்டுவான், முன்பணம் கேட்பான், அல்லது அந்த 12 சொற்களைக் கேட்பான். மறைச்சாவியின்றி அறியாதவன் முகவரியிலிருந்து நாணயத்தை எடுத்துத் தரும் வித்தை எவரிடமும் இல்லை. அச்சொற்களைப் பெற்றவன், எஞ்சியிருப்பதையும் எடுத்துச் செல்வான். ஆகவே, மெய்யான நிலையத்திடம் பதிவெண்ணோடு நேரே முறையிடுதல், மோசடியாயின் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைத்தல், பெருந்தொகைக்கு முன் சிறுதொகை அனுப்பிச் சரிபார்த்தல், மறைச்சொற்களை எவருக்கும் சொல்லாதிருத்தல் ஆகியவற்றை வீட்டில் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. இரண்டாம் திருடன் நுழைவது வெட்கம் என்னும் வாயில் வழியாக. அயலூரில் உழைக்கும் மகன், தந்தை என்ன சொல்வாரோ, மாமனார் வீட்டில் என்ன நினைப்பாரோ என்று அஞ்சித் தன் தவறை மறைக்கிறான். மறைத்ததை ஈடுகட்ட மறுபடி கடன் வாங்குகிறான். கடன்பட்டதை மறைக்க மோசடிக்காரனை நம்புகிறான். ஊரை விட்டு வந்த குடும்பங்களில் ஒவ்வொரு ரூபாய்க்கும் பின்னால் ஒரு தியாகம் நிற்பதால், இழப்பைச் சொல்வது இருமடங்கு கடினமாகிறது. 'பிழையும் விடுபாடும் நீங்கலாக' என்று முன்பின் அறியாத வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்த நாம், நம் மகனுக்கும் மருமகளுக்கும் அவ்வாறு சொல்லாதிருத்தல் முறையாகுமா? தவறைச் சொல்லத்தக்க வீடு இருந்தால், இழந்த பொருள் மீளாவிட்டாலும், அதற்குமேல் இழப்பு தொடராது.

நம்பிக்கையே வேண்டாம் என்று தொடங்கப்பட்ட அமைப்பு இது. தவறில்லாமல் நடக்கும் வரையில் அந்தக் கூற்று ஓரளவு மெய்யே; சாவியும் கணக்கும் போதும். ஒரு விரல் வழுவிய அக்கணமே, கணக்கு கைவிரித்துவிடுகிறது. இழந்தவன், முகம் தெரியாத, மொழி தெரியாத, நாடு தெரியாத ஒருவனுடைய நேர்மையின் முன் நிற்கிறான். வேறெந்தப் பணத்திலும் மனிதன் மற்றொரு மனிதனை இவ்வளவு முழுமையாக நம்பி நிற்க நேர்ந்ததில்லை. முதல் நாணயம் உருமாறி உருமாறிக் கண்ணுக்கும் புலனாகாத நிலையை எய்திவிட்டது. இரண்டாம் நாணயத்தின் தேவையோ சற்றும் குறையவில்லை.

அயல் மண்ணில் தமிழரின் சொல்லை நம்பிக் கடன் கொடுத்தவர்கள் ஒரு காலத்தில் நம்மைக் கண்ணாற்கண்டு கொடுத்தார்கள். இனி நம் பிள்ளைகள் பழகப்போவது, கண்ணாற்காணாதோர் உலகத்தில். அங்கே கைதவறி ஒரு பொருள் நம்மிடம் வருமாயின், அறிந்த அன்றே உரியவரைத் தேடித் திருப்பித் தருதல் வேண்டும். உரியவர் புலப்படாவிடின், நமதன்று என்னும் நினைவோடு அதைத் தொடாமல் தனியே வைத்துக் காத்திருத்தல் வேண்டும். யாரும் கேட்க வழியில்லாத இடத்திலும் இவ்வழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது, புலம்பெயர்ந்த தலைமுறைகள் நம்மிடம் ஒப்படைத்துச் சென்ற கடமையாகும்.